வெங்காயம் வாங்காத வீடு

நொச்சிமடையில் முதன்முதலாகப் பச்சைக் கண்ணீர் வந்தது துக்க வீட்டில் இல்லை, கல்யாண வீட்டில். டீக்கடை ஆவுடையப்பன் தன் மகள் சுகந்தியைச் சென்னைக்குக் கட்டிக்கொடுத்த கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில், பந்தலுக்குப் பின்னால் வேப்பமர நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்து சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்களின் கண்களிலிருந்து, ஒருத்திக்கு அடுத்து ஒருத்தியாக, வாழைக்குருத்தைக் கசக்கிப் பிழிந்த மாதிரி இளம்பச்சையாகக் கண்ணீர் இறங்கி, கன்னத்தில் கோடு போட்டு, மோவாயில் நின்று, உரித்த வெங்காயத்தின்மேல் சொட்டியது. யாரும் அலறவில்லை. ஆவுடையப்பனின் தம்பி பெண்சாதி முப்பிடாதிதான் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து, “என்னக்கா, கண்ணு மை கரையுது?” என்று கேட்டாள்.

“நான் எங்கட்டி மை போட்டேன்? ஒனக்குந்தான் ஒழுகுது, தொடை.”

வெங்காயத்துக்கு அடித்த மருந்தாகத்தான் இருக்கும் என்று ஒருத்தி சொல்ல, மலிவாகக் கிடைத்ததென்று மூட்டையை வாங்கிப்போட்ட ஆவுடையப்பனை எல்லோருமாகச் சேர்ந்து வைதார்கள். சமையல்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அழுகிறவர்கள் தள்ளி உட்கார்ந்து அழுங்கள், சாம்பார் நிறம் மாறினால் மாப்பிள்ளை வீட்டுக்கு யார் பதில் சொல்வது என்று பானையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த நேரத்தில்தான், சின்னச் சின்ன பாட்டில்கள் அடுக்கிய கூடையைக் கையில் பிடித்துக்கொண்டு, மலையடிவாரத்துக் கிணறுகளையெல்லாம் பார்த்துவிட்டுக் குழலி அந்த வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். வெங்காயம் உரிக்கிற இடம் என்றால் அவள் தெருவையே சுற்றிக்கொண்டு போகிறவள். அது ஊருக்குத் தெரியும், ஏன் என்றும் தெரியும். அவள் தலையைக் கண்டதும் ஒருத்தி அவசரமாக வெங்காயத்தின்மேல் முந்தானையைப் போட்டு மூடினாள். ஆனால் அன்றைக்குக் குழலி சுற்றிக்கொண்டு போகவில்லை. நேராக வந்து, முப்பிடாதியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவள் கன்னத்தில் ஒரு பாட்டிலின் வாயை வைத்து ஒரு சொட்டைப் பிடித்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

“இது வெங்காய மருந்து இல்ல. நான் போட்டது.”

“ஒங்க சாயமா மைனி? நல்லா இருக்கே கத! சேலையெல்லாம் போச்சு.”

“வெயில்ல காயப்போடுங்க, போயிரும்” என்றாள் குழலி. பாட்டிலை இறுக மூடிக் கூடையில் வைத்தாள்.

குழலியின் முழுப்பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்துக்காரி, அருவிச் சத்தத்தில் தூங்கி எழுந்து வளர்ந்தவள். தண்ணீர் விழுவதைப் பார்த்து எல்லோரும் குளிக்கப் போனபோது, அது எங்கே இருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டு கரையில் நின்ற பிள்ளை, பிறகு அதையே படித்து, அதற்கே வேலைக்கும் சேர்ந்தாள். ஒரு மலையின்மேல் பெய்கிற மழை எந்தச் சரிவில் இறங்கி, எந்த மண்ணில் ஊறி, எத்தனை காலம் பாறைக்குள் தங்கி, எந்த ஊற்றில் தலைகாட்டும் என்று கண்டுபிடிக்கிற வேலை. கூகைமலையின் நீர்ப்பிடிப்புப் பகுதியை அளக்கத்தான் நொச்சிமடைக்கு வந்தாள். வந்த இடத்தில் அந்த ஊர்ப் பிள்ளை தளவாயைக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து ஊருக்கே அண்ணியாகி, அவள் தண்ணி மைனி ஆனாள். சின்னப் பிள்ளைகளுக்கும் மைனி, பல் விழுந்த கிழவர்களுக்கும் மைனி.

கூகைமலையில் பெய்கிற மழையெல்லாம் நொச்சியோடையாகச் சேர்ந்து, பாதி மலை இறங்கி, அங்கே பாறையில் ஒரு பொந்துக்குள் விழுந்து காணாமல் போய்விடும். ஆள் நுழைகிற அகலம் இருக்கும் அந்தப் பொந்துக்கு விழுங்கி என்று பேர். உள்ளே போன தண்ணீர் எங்கே வெளியே வருகிறது என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழிதான் உண்டு: உடம்புக்குக் கெடுதல் செய்யாத சாயத்தை விழுங்கியில் ஊற்றிவிட்டு, கீழே இருக்கிற கிணறு, ஊற்று, குளம் எல்லாவற்றிலும் தினம் தினம் தண்ணீர் எடுத்துப் பார்ப்பது, எங்கே நிறம் தெரிகிறதோ அங்கே அந்தத் தண்ணீர் வந்து சேர்ந்தது என்று அர்த்தம். ஊற்றின சாயத்தின் அளவும் திரும்பி வந்த சாயத்தின் அளவும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத மிச்சம் இன்னும் மலைக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

ஓய்வுபெறப் போகிற வருஷம் அது. ஆடி மாதம் பச்சைச் சாயத்தை ஊற்றிவிட்டு அவள் காத்திருந்தாள். எந்தக் கிணற்றிலும் வரவில்லை, எந்த ஊற்றிலும் வரவில்லை, ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற மேல்நிலைத் தொட்டியிலும் வரவில்லை. தண்ணீரில் இல்லாதது, பார்த்தால், கண்ணீரில் இருந்தது.

ஆனால் அவள் காத்திருந்தது பச்சைக்காக இல்லை.

கல்யாணமான புதிதில் ஒரு தடவை அவள் அதே விழுங்கியில் சிவப்புச் சாயத்தை ஊற்றினாள். ஊற்றி முடித்த பிறகு, அது எந்தப் பக்கம் திரும்புகிறதென்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தளவாய் உள்ளே இறங்கினான். மழை இல்லாத நாள், வெயில் அடித்துக்கொண்டிருந்த நாள், அவன் எத்தனையோ தடவை இறங்கி ஏறின பொந்து. கயிறு மட்டும் மேலே வந்தது. அறுந்து வரவில்லை, முடிச்சு அவிழ்த்து, பத்திரமாகச் சுருட்டி, ஒரு நுனியில் கட்டி வைத்த மாதிரி வந்தது. சிவப்பும் வரவில்லை, அவனும் வரவில்லை. தீயணைப்புக்காரர்கள் வந்து பார்த்தார்கள், போலீஸ்காரர்கள் வந்து எட்டி நின்று பார்த்தார்கள். உள்ளே வெறும் இருட்டும் தண்ணீர்ச் சத்தமும்தான்.

நொச்சிமடையில் ஒரு வழக்கம் இருக்கிறது. உடம்பு கிடைக்காத ஆளுக்கு அழக்கூடாது. ஒரு சொட்டு விட்டாலும் அவர் செத்தது உறுதியாகிவிடும். அதற்கப்புறம் அவர் உயிரோடு திரும்பி வந்தாலும் வாசலில் நிற்க முடியாது. அதனால் அன்றைக்கு ஊர்ப் பெண்களெல்லாம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றார்கள். தளவாயின் அம்மா பேராச்சி, மகனைக் காணோம் என்று சொன்ன மருமகளின் தாடையை இறுக்கிப் பிடித்து நிமிர்த்தி, “கண்ணத் தொறந்தே வச்சிக்க. சிமிட்டாத. தண்ணிதான கூட்டிட்டுப் போச்சு, அதுவே வந்து சொல்லட்டும்” என்றாள்.

பேராச்சி எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. வெங்காயம் உரித்தால் வருகிற கண்ணீரும் கண்ணீர்தானே, அது எதற்காக வந்தது என்று சாமி விசாரித்துக்கொண்டா இருக்கும் என்று அன்றைக்கே வீட்டில் இருந்த வெங்காயத்தையெல்லாம் அள்ளிக் கொண்டுபோய் வெளியே கொட்டினாள். அதிலிருந்து அந்த வீட்டுக் குழம்பில் வெங்காயம் இல்லை, ரசத்தில் இல்லை, தோசைக்குத் தொட்டுக்கொள்ள இல்லை. அடுப்பு விறகிலிருந்து எரிவாயுவுக்கு மாறியதுகூடப் புகை கண்ணில் படக்கூடாது என்றுதான். தெருவிலேயே முதலில் சிலிண்டர் வாங்கினது அந்த வீடு. ஒலிபெருக்கி வைத்துக் கூவிக்கொண்டு வருகிற வெங்காய வண்டிக்காரன், அந்த வீடு வந்ததும் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, இழவு வீட்டைத் தாண்டுகிற மாதிரி மெதுவாகத் தாண்டிப் போய், பிள்ளையார் கோயில் முக்கில் மறுபடியும் போட்டுக்கொள்வான். வாசலில் ஒரு பல்ப் மட்டும், அவன் வந்தால் படி தெரிய வேண்டும் என்று, பகலிலும் எரிந்துகொண்டிருக்கும். குண்டு பல்பாக இருந்தது, பிறகு குழல்விளக்கு ஆனது, பிறகு வெள்ளை எல்இடி ஆனது. சுவிட்சை மட்டும் யாரும் தொட்டதில்லை.

இரண்டு பெண்கள் அப்படி, இருபத்தாறு வருஷம், உலர்ந்த கண்ணோடு ஒரு வீட்டில் இருந்தார்கள்.

பச்சைக் கண்ணீர் வந்த பிறகு ஊர் அதற்கு எப்படிப் பழகிக்கொண்டது என்பதைத்தான் சொல்ல வேண்டும். முதல் வாரம் டவுனிலிருந்து கண் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். இரண்டாவது வாரம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், அடிக்காமலே அழுகிற பிள்ளை எது, அடித்து அழுகிற பிள்ளை எது என்று நிறம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதென்று தெரிந்துகொண்டார். அதற்கப்புறம் அது பேச்சுவாக்கில் கலந்துவிட்டது. சாயங்காலம் நாடகம் பார்த்துவிட்டு எழுந்திருக்கிற பெண்களின் தோளைப் பார்த்தாலே அன்றைக்குக் கதாநாயகிக்கு என்ன நடந்தது என்று ஆண்களுக்குத் தெரிந்துபோனது. சட்டையின் நெஞ்சுப்பக்கம் பச்சைக்கறையோடு டீக்கடைக்கு வந்தவனிடம், “எவ மூஞ்சி பட்டது மாப்ள?” என்று ஆவுடையப்பன் கேட்க, “எங்க அம்மைக்கும் ஒம்ம தங்கச்சிக்கும் சண்டை. ரெண்டு பேரும் மாறி மாறி எம்மேலதான் சாஞ்சாளுவ” என்று அவன் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். சாமியாடிக்கு அருள் வந்து அழுதபோது அம்மன் பட்டில் பட்ட பச்சையை மட்டும் வெயிலில் காட்டாமல் பத்திரப்படுத்தினார்கள்.

துக்க வீடுகளில்தான் அது நெருக்கடியாக இருந்தது. முப்பிடாதியின் பக்கத்து வீட்டுக் கிழவி இறந்தபோது, வந்த பெண்களெல்லாம் பச்சையாக அழ, மூத்த மருமகள் அழுதது மட்டும் வெறும் வெள்ளையாக இறங்கியது. வாய்விட்டு ஒருத்தரும் சொல்லவில்லை. ஆனால் பாடையைத் தூக்குவதற்கு முன்னால் அவளைப் பற்றிய பேச்சு கல்லூத்துக்குப் பாதை பிரிகிற விலக்குவரைக்கும் போய்விட்டது. பாவம், அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதவள். முப்பிடாதிதான் யோசித்துப் பார்த்து நடுவீட்டில் நின்று சத்தம் போட்டாள்: “அவுக வீட்ல கேன் தண்ணிதான குடிக்காவ! மலைத்தண்ணி குடிச்சாத்தான பச்சையா வரும்? அக்கா மனசச் சொல்லாதிய, அக்கா வீட்டு கேனச் சொல்லுங்க!” மறுநாளே ஊரில் கேன் தண்ணீர் வாங்குகிற வீடுகளெல்லாம் வாங்குவதை நிறுத்தின. கேன் போடுகிற பையன் விற்காத கேன் வண்டியோடு வந்து நின்று, நல்லாத்தானே இருந்தது என்று கேட்டுவிட்டுப் போனான்.

மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கல்லூத்துக்கும் நொச்சிமடைக்கும் பரம்பரையாகப் பேச்சு கிடையாது. பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை, அவர்கள் பக்கத் தண்ணீர் வேறு, நம் தண்ணீர் வேறு என்று கோர்ட்வரைக்கும் போனவர்கள். கல்லூத்துக்காரி ஒருத்தி பேருந்து நிறுத்தத்தில் குழந்தைக்கு மொட்டை போட்ட சோகத்தில் பச்சையாக அழுததைப் பார்த்த பிறகு நொச்சிமடைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரே மலை இரண்டு பக்கமும் ஒழுகுகிறது என்று குழலி ஒரு வார்த்தைதான் சொன்னாள். அடுத்த இழவுக்குக் கல்லூத்துக்காரர்கள் வந்து கடைசி வரிசையில் நின்றார்கள். யாரும் போகச் சொல்லவில்லை. காப்பி கொடுத்தார்கள்.

சென்னைக்குப் போன சுகந்தியும் கொஞ்ச நாள் பச்சையாகத்தான் அழுதாள். அவள் அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் முகம் பார்த்துப் பேசும்போது, “ஏட்டி, ஒரு சொட்டு அழுது காட்டு” என்பாள். வாரத்துக்கு வாரம் பச்சை வெளுத்துக்கொண்டே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கண்ணில் பளிங்கு மாதிரி வெறும் தண்ணீர் வந்து நின்றபோது, மகள் இனிமேல் அந்த ஊர்க்காரி என்று தெரிந்துகொண்டு, அம்மாக்காரி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இங்கே பச்சையாக அழுதாள்.

இதையெல்லாம் குழலி சொட்டுச் சொட்டாகச் சேகரித்தாள். தலைமை அலுவலகத்தில் தண்ணீர் எடுத்த இடம் எது என்று கேட்டார்கள். கண் என்று சொன்னாள். கூகைமலையில் கண் என்று ஓர் ஊற்று இருக்கிறதாக்கும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஊர்ப் பெண்களுக்கு அழுகை வந்தால், அடக்கிக்கொண்டு, “மைனியக் கூப்பிடு, வீணாப் போயிரும்” என்று ஆள் அனுப்புகிற அளவுக்குப் பழகிவிட்டது.

புரட்டாசிக் கடைசியில் ஒருநாள், சாதத்தைப் பிசைந்துகொண்டே பேராச்சி கேட்டாள்.

“பச்ச வந்துட்டு. செவப்பு எப்ப வரும்?”

குழலி நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை வருஷத்தில் மாமியார் அந்தச் சொல்லைச் சொன்னதே கிடையாது.

“மழையப் பொறுத்தது அத்தே. இன்னைக்கு மலைமேல மழை பெய்யுதுன்னா, நாளைக்கு ஊத்துல வாரது இன்னைக்குப் பெஞ்ச மழை இல்ல. எப்பமோ பெஞ்சு உள்ள கெடக்குத பழைய தண்ணி. புதுசு உள்ள போயி இடிச்சாத்தான் பழசு வெளிய வரும். ஐப்பசி மழை நல்லாப் பிடிச்சா…”

“வந்துட்டா?”

“வந்துட்டா தெரிஞ்சிரும்.”

“என்ன தெரியும்?” பேராச்சி கையை உதறினாள். “எம்புள்ள இல்லன்னு தெரியும். அதத் தெரிஞ்சிக்கத்தான இத்தன வருஷம் பாட்டிலத் தூக்கிட்டு அலையுத?”

“அவுக எங்க இருக்காவன்னு தெரிய வேண்டாமா அத்தே?”

“வேண்டாம். எங்கயோ இருக்கான்னு இருக்கு பாரு, அது போதும் எனக்கு.”

அன்றிலிருந்து பேராச்சி குழாய்த் தண்ணீரைத் தொடவில்லை. கூரையில் தகரத்தைச் சரித்து வைத்து, அதன் கீழே அண்டாவை வைத்து, வானத்திலிருந்து நேராக விழுகிற தண்ணீரை மட்டும் குடித்தாள், அதிலேயே உலை வைத்தாள். மலைக்குள் போய் வந்த தண்ணீர் தன் உடம்புக்குள் வரக்கூடாது. மகன் தன் கண் வழியாகச் சாகக்கூடாது. ஒரே அடுப்பில் இரண்டு உலை கொதித்தது, மாமியாருக்கு மழைத்தண்ணீர், மருமகளுக்கு மலைத்தண்ணீர்.

ஐப்பசி மழை அந்த வருஷம் நின்று பெய்தது. கூகைமலை கண்ணுக்குத் தெரியாமல் போனது. விழுங்கி, கொள்ளாமல் ஏப்பம் விடுகிற சத்தம் ஊருக்குள் கேட்டது. பச்சைக் கண்ணீர் மெல்ல மெல்ல வெளுத்து, ஒருநாள் முழுக்க நின்றுபோய், பெண்கள் வெறும் கண்ணீரை என்னவோ போலத் துடைத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த நாள் மழை நின்று வானம் வெறித்தது. காலையில், டீயை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்த ஆவுடையப்பன் கண்ணிலிருந்து, மனசில் எந்தத் துக்கமும் இல்லாமல், செம்பருத்திப் பூ நிறத்தில் ஒரு சொட்டு விழுந்தது. கூடவே அவன் வாய் தன்னால் திறந்து சொன்னது:

“கயித்த இன்னுங் கொஞ்சம் விடு.”

டம்ளரோடு உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். சொன்னது ஆவுடையப்பன் குரல்தான். ஆனால் “கயித்த” என்ற இடத்தில் லேசாக ராகம் இழுத்துச் சொல்கிற பழக்கம் அந்த ஊரில் ஒரே ஒருத்தனுக்குத்தான் இருந்தது.

அதற்கப்புறம் வீடு வீடாக வந்தது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த சின்னப் பெண் நடுவில் நிறுத்தி, இரண்டு கண்ணும் சிவப்பாக ஒழுக, “உள்ள காத்து வருது, குளுமையா இருக்கு” என்று சொல்லிவிட்டு வாய்ப்பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். பேருந்து நடத்துநர் டிக்கெட் கிழிக்கும்போது, “இங்கன ரெண்டாப் பிரியுது, எடது கைப் பக்கம் தண்ணிச் சத்தம்” என்றார். முப்பிடாதி துணி பிழியும்போது, “பாறை வெள்ளையா இருக்கு, குழலிட்ட சொல்லணும்” என்றாள். கல்லூத்துக் கிழவர் ஒருவர் மாடு குளிப்பாட்டுகிறபோது, “அடடா, செருப்பு போச்சு” என்றார். இன்னும் பேச்சு வராத கைக்குழந்தை ஒன்று, பால் குடிப்பதை விட்டுவிட்டு, தாயின் முகத்தை நேராகப் பார்த்து, “பசிக்கி” என்று திருத்தமாகச் சொன்னது. அந்தத் தாய் மட்டும்தான் அன்றைக்கு அந்த ஊரில் பயந்து அலறினாள்.

தளவாயைப் பார்த்திருக்காதவர்கள், அவன் காணாமல் போன பிறகு பிறந்தவர்கள், வாழ வந்தவர்கள் எல்லோர் கண்ணிலும் அவன் வந்தான். அப்படிச் சிவப்பாக ஒழுகினவர்கள் எல்லோரும், அழக்கூடாத ஆளுக்கு அழுதுவிட்டோம் என்ற கூச்சத்தோடு, ஒவ்வொருவராகப் பேராச்சி வாசலில் வந்து நின்றார்கள்.

“நாங்க அழலத்தா. அதுவா வருது.”

பேராச்சி யாரையும் ஏசவில்லை. எரிந்துகொண்டிருந்த பல்புக்குக் கீழே உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் ஒன்றைத்தான் கேட்டாள். “என்ன சொன்னான்?” சொன்னார்கள். “வேற?” அவ்வளவுதான் என்றார்கள். “அம்மான்னு ஏதும் சொன்னானா?” தலையை ஆட்டினார்கள். அடுத்தவர் வந்தார். என்ன சொன்னான்? தண்ணி வெதுவெதுன்னு இருக்குன்னு. வேற? வேற ஒண்ணும் இல்லத்தா. அம்மான்னு? இல்ல. மறுநாளும் வந்தார்கள். பாறையைப் பற்றிச் சொல்லியிருந்தான், தண்ணீரைப் பற்றிச் சொல்லியிருந்தான், எங்கோ ஓட்டை வழியாக விழுந்த வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லியிருந்தான், குழலி பேரை எத்தனையோ பேர் வாயில் சொல்லியிருந்தான். பேராச்சி பேர் ஒருத்தர் வாயிலும் வரவில்லை. தன் கண்ணில் அவன் வராமல் தடுக்க மழைத்தண்ணீர் குடித்தவள், இப்போது வந்தவர்களின் வாயையே பார்த்துக்கொண்டு, தன் பேரைக் கூப்பிடுவார்களென்று பந்தி வாசலில் காத்திருப்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

குழலிக்கு மலையின் உள் முழுக்கத் தெரிந்துவிட்டது. எங்கே பிரிகிறது, எங்கே வெதுவெதுப்பு, எங்கே ஒரு ஆள் உட்கார இடம் இருக்கிறது, அங்கே உட்கார்ந்து அவன் எவ்வளவு நேரம் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தான் என்பதுவரைக்கும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் கேட்ட கேள்விக்கு ஊரே பதில் சொல்லிவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. சிவப்பு நின்றுபோனதும் கணக்குப் பார்த்தாள். அன்றைக்கு ஊற்றினதில் ஏறக்குறைய எல்லாம் வந்துவிட்டது. கொஞ்சம் மட்டும் குறைந்தது. ஊரில் அழாத கண்கள் இரண்டு பேருடையவைதான்; அதில் ஒருத்தி மழைத்தண்ணீர் குடித்தவள். மிச்சம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை.

அவள் சொல்லவில்லை. ஒரு நாள் சொல்லவில்லை, இன்னொரு நாளும் சொல்லவில்லை. அவளுக்கு இரண்டு பயம். அழுதுவிட்டால் அவன் இல்லை. அழுதும் அதில் அம்மா என்கிற சொல் இல்லாவிட்டால், அந்தக் கிழவிக்கு மகன் இரண்டு தடவை இல்லை.

மூன்றாம் நாள், பகல் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால், வெங்காய வண்டி வந்தது. வழக்கம்போல அந்த வீட்டுக்கு முன்னால் ஒலிபெருக்கியை அணைத்துக்கொண்டு மெதுவாகத் தாண்டப் பார்த்தது. பேராச்சி கையைத் தட்டினாள்.

“ஏல, நில்லு. ஒரு கிலோ போடு.”

வண்டிக்காரன் தராசைத் தொடாமல் நின்றான். “ஆத்தா… ஒங்களுக்கா?”

“எனக்கில்லாம ஒன் வண்டிக்கா? போடுல. அழுகினது போட்டேன்னா தெருவுக்குள்ள விடமாட்டேன்.”

தெருக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முப்பிடாதி ஈரக்கையோடு வெளியே வந்து நின்றாள். ஆவுடையப்பன் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து, சத்தம் போடாமல் தூரத்தில் நின்றான். பேராச்சி முறத்தில் வெங்காயத்தைக் கொட்டி, வாசலில் பல்புக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்து, எதிரே ஒரு அரிவாள்மணையைத் தள்ளி வைத்தாள்.

“குழலி. வந்து உக்காரு.”

“அத்தே…”

“எனக்குத் தெரியும்ட்டி. ஊர்ல எல்லாத்துக்கும் வந்துட்டு. ஒனக்கு வரல. நான் குடிக்காததையும் சேத்து நீதான் குடிச்சிருக்க. உரி.”

குழலி உட்கார்ந்தாள். “அதுல இல்லாமலும் போவும் அத்தே. எல்லாமே திரும்பி வந்திராது. கொஞ்சம் மலையிலயே தங்கிரும். ஒங்க பேரு அங்கன தங்கியிருந்தா நான் என்ன செய்வேன்?”

“தங்கினா தங்கட்டும். மலையில எம்பேரு இருந்துட்டுப் போவுது.” கிழவி முறத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். “நீ எத்தன வருஷந்தான் கண்ணத் தொறந்தே வச்சிருப்ப? நான்தான அன்னைக்கு சிமிட்டாதன்னு சொன்னேன். இப்ப நானே சொல்லுதேன். உரிட்டி.”

குழலிக்கு வெங்காயம் உரிக்கவே கை மறந்திருந்தது. முதல் தோல் நகத்தில் மாட்டவில்லை. இரண்டாவதை அரிவாள்மணையில் வைத்து நறுக்கினாள், மூன்றாவதை நறுக்கினாள்; அந்தக் காட்டம் அத்தனை வருஷத்துக்குப் பிறகு வீட்டு வாசலில் கிளம்பி, பழகின விருந்தாளி மாதிரி நேராக மூக்குக்கு வந்து, கண்ணுக்கு ஏறியது. அவள் சிமிட்டினாள். சிவப்பாக, ஊரில் யாருக்கும் வராத அளவுக்கு அடர் சிவப்பாக, கன்னம் முழுக்க இறங்கி, முறத்தில் கிடந்த வெள்ளை வெங்காயங்களையெல்லாம் நனைத்தது. தெருவில் நின்ற பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். குழலியின் வாய் தன்னால் திறந்தது. குரல் அவளுடையதுதான், களைத்துப்போன, ஆனால் எந்த அவசரமும் இல்லாத, வேலை முடியாத ஒருத்தன் வெளியே எங்கோ இருந்து வீட்டுக்குச் சொல்லி அனுப்புகிற பேச்சு.

“எம்மா, லைட்ட அணைச்சிட்டுப் படு. நான் வர நேரமாவும்.”

பேராச்சி எழுந்தாள். எழுவதற்கு யாரையும் பிடிக்கவில்லை. மதிய வெயிலில், எரிவதே தெரியாமல் எரிந்துகொண்டிருந்த அந்தப் பல்புக்கு நேராகச் சுவரைத் தடவி, பெயின்ட் அடித்து அடித்து இறுகிப்போயிருந்த சுவிட்சைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அது இறங்கவில்லை. இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். சட்டென்று ஒரு சின்னச் சத்தம்.

“சரிய்யா” என்றாள்.

சுவிட்சின்மேல் வைத்த கையை எடுக்காமல், சுவரைப் பார்த்தபடியே, அவள் அழத் தொடங்கினாள். அது பச்சையாக இல்லை, சிவப்பாகவும் இல்லை. அவள் கூரைமேல் பெய்து, அவள் அண்டாவில் விழுந்து, அவள் மட்டும் குடித்த மழை; கண்ணாடி மாதிரித் தெளிந்த, எந்த மலைக்குள்ளும் போகாத தண்ணீர். தெருவில் நின்ற பெண்கள், வாயில் திணித்திருந்த முந்தானையை எடுத்துவிட்டு, ஒவ்வொருவராகப் படியேறி வந்து, அவளைச் சுற்றி உட்கார்ந்து, மிச்ச வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார்கள்.